ஓட்டையில்லாத பின்னல்

எங்கள் ஊர்ப்பக்கம் லேஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரேந்தை என்பார்கள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை தாண்டி மார்த்தாண்டம் போகிற வழியில் முளகுமூடு. அங்கே கன்னியர் மடத்தில் என் பெரியம்மை முப்பது வருஷத்துக்கு மேல் ரேந்தை பின்னினாள். மடிமேல் கெட்டியான உருளைத் தலையணை, அதில் வரிசையாகக் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய மரக்குச்சிகள். குச்சிகளை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போடும்போது கிளுகிளுவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் தூங்கிப்போன மத்தியானங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

குச்சி வேலை எனக்குப் படியவில்லை. பெரியம்மை கொக்கி ஊசியை எடுத்துக் கையில் கொடுத்தாள். குரோஷா. "மக்களே, இறுக்காத. இறுக்கினா அடுத்த வரியில ஊசி நுழையாது, கேட்டியா?" அவள் எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான்.

நாகர்கோவிலில் இந்த ரேந்தை வேலையைத் தொடங்கியவர் லண்டன் மிஷன் பாதிரியார் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட். 1820களில் நடந்தது. அடிமைகளாக இருந்த பெண்கள் ரேந்தை விற்ற காசைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். அதற்கு ஒரு தலைமுறை முன்பே ஊசியும் நூலும் சிலரை வெளியே கொண்டுவந்துவிட்டன. முளகுமூடு மடத்துக்கு 1897இல் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற சகோதரி வந்தார். பெரியம்மை அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். நேரில் பார்த்தவளில்லை. இருந்தாலும் அத்தனை மரியாதை.

ரேந்தையில் ஓட்டைதான் அழகு. எந்த ஓட்டை எங்கே விழவேண்டும் என்பதுதான் வேலையே. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

கல்யாணமாகிச் சென்னை வந்தோம். முடிச்சூரில் வீடு. தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை இருபத்தாறு வருஷம் எலக்ட்ரிக் டிரெயினில் வேலைக்குப் போய்வந்தேன். லேடீஸ் பெட்டியில் ஒருத்தி பூத் தொடுப்பாள், ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டு வருவாள். நான் குரோஷா போடுவேன். டிவி மேல் விரிப்பு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை. எங்கள் வீட்டில் மூடாமல் விட்ட பொருள் எதுவும் கிடையாது.

2015 நடுவில் அதே பெட்டியில் வரும் ஒரு வங்கி அக்கா கேட்டார்: "உலகத்துலயே பெரிய குரோஷே போர்வை சென்னையில செய்யப்போறாங்க. நீங்க சேரலையா?" மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழு. ஆளுக்கு முடிந்த அளவு சதுரப் போர்வைகள் பின்னித் தரவேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துக் கின்னஸ் சாதனைக்கு அளப்பார்கள், பிறகு பிரித்துப் போர்வை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்தது. அன்று சாயங்காலமே பாரிமுனையில் இறங்கி உல்லன் வாங்கினேன்.

டிசம்பர் 1 ராத்திரி முடிச்சூருக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். நவம்பரிலேயே ஒருமுறை தண்ணீர் வந்து வடிந்திருந்தது, அதே அளவுதான் வரும் என்று நினைத்திருந்தோம். இரவு பதினொன்றுக்குக் குளியலறைச் சாக்கடை வழியாகத் தண்ணீர் மேலே வர ஆரம்பித்தது. ஒரு மணிக்குக் கட்டில் மிதந்தது. அவர் வீட்டுப் பத்திரங்களையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டார். நான் பரணில் இருந்த போர்வைப் பையை எடுத்துக்கொண்டேன். முடிந்திருந்தவை ஆறு சதுரங்கள். மாடிவீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். மூன்று நாள் அங்கே பதினான்கு பேர் இருந்தோம். அந்த ஆறு சதுரங்களையும் குழந்தைகளுக்குத்தான் போர்த்தினோம்.

நான்காம் நாள் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் பிரதான சாலையில் லாரிகள் வந்தன. ஊர் ஊராகச் சேர்த்து அனுப்பிய உதவி. அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கச் சென்னைக்காக எழுந்து நின்றது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் துணிக் குவியல் முன்னால் நின்றது எப்படி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பட்டன் இல்லாத சட்டைகள், கால் கிழிந்த பள்ளிக்கூட நிஜார், ஜரிகை உதிர்ந்த பட்டுப்பாவாடை, உள்பாவாடை இல்லாத ஒற்றைப் புடவைகள். இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கிய கை அந்தக் குவியலைக் கிளறியது. எனக்குப் பொருந்துகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. யார் மேலும் கோபம் வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

பக்கத்தில் இருந்த இன்னொரு வண்டியில் ஒரு பிள்ளை ஆளுக்கொரு பையாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். என் பையில் ஒரு சோப்பு, இரண்டு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பாக்கெட் நாப்கின், ஒரு புதிய நைட்டி, ஒரு போர்வை. போர்வை கடையில் வாங்கியதில்லை. பழைய நூல்சேலைகள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெள்ளை நூலால் நெருக்கமாக ஓடுதையல் போட்டது. அந்துருண்டை வாசம். ஒரு மூலையில் சிவப்பு நூலால் ஒரு சின்ன நட்சத்திரம். தீப்பெட்டி ஈரமாகாமல் இருக்கத் தனியாகப் பாலித்தீன் தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

அந்த ரப்பர் பேண்டை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் கட்டியவள் வெள்ளத்தில் நிற்கிற ஒருத்தியை மனசுக்குள் கொண்டுவந்து, அவளுக்கு இப்போது என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்திருக்கிறாள். இருட்டாக இருக்கும். தீப்பெட்டி நனையும். மாதவிலக்கு வெள்ளத்துக்காகக் காத்திருக்காது. ராத்திரி குளிரும். அவள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அந்தப் போர்வை இப்போதும் எங்கள் கட்டிலில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு இன்னும் ஐந்து சதுரம் பின்னி முடித்தேன். குழந்தைகளுக்குப் போர்த்திய ஆறையும் துவைத்து வெயிலில் காயவைத்துச் சேர்த்துக்கொண்டேன். 2016 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த சதுரங்கள் தரையெங்கும் விரிந்து கிடந்தன. மொத்தம் 11,148.5 சதுர மீட்டர் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் இந்தச் சாதனை தென்னாப்பிரிக்காவில், மண்டேலா பொதுவாழ்வுக்குக் கொடுத்த 67 ஆண்டுகளை நினைத்து 67 போர்வை பின்னத் தொடங்கிய பெண்களிடம் இருந்தது. சில மாதங்களில் அவர்கள் நம்மைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பின்னுவதும் குளிரில் கிடப்பவர்களுக்குக் கொடுக்கத்தான். அதனால் நாம் ஜெயித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேனோ, அவர்கள் தாண்டியபோதும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

அந்த வருஷம் ஓய்வும் பெற்றுவிட்டேன். கையில் ஊசி இருந்தது, நேரம் இருந்தது. யாருக்கு, என்ன பின்னுவது என்பதுதான் தெரியவில்லை.

2017 ஆகஸ்டில் தம்பி போன் பண்ணினான். அவன் மகளுக்கு முப்பது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, 1,180 கிராம். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள், அதற்குக் கொஞ்சம் மேல். மைனி கடையில் வாங்கிவந்திருந்த 'புதிதாய்ப் பிறந்த குழந்தை' அளவுத் தொப்பியைப் போட்டால் கண்ணை மறைத்து மூக்கில் வந்து நின்றது. நர்ஸ் அதை மடித்து, பிளாஸ்திரி ஒட்டி நிறுத்தியிருந்தார்.

"அத்தை, அவ மூஞ்சியே தெரியல" என்றாள் என் மருமகள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று ராத்திரி வார்டுக்கு வெளியே இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தொப்பி போட்டேன். கைப்பையில் கிடந்த வெளிர்மஞ்சள் பேபி உல்லன், மூன்று மில்லிமீட்டர் ஊசி. இருபத்தெட்டு சென்டிமீட்டர் தலை என்று சிஸ்டர் அளந்து சொல்லியிருந்தார். காலையில் போட்டுப் பார்த்தபோது நெற்றி தெரிந்தது, புருவம் தெரிந்தது. தம்பிக்கு எங்கள் அம்மையின் நெற்றி. அதே நெற்றி அவளுக்கும். மருமகள் பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சாப்பாடு கேட்டாள்.

சிஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அம்மா, இதே மாதிரி இன்னும் மூணு போட முடியுமா? உள்ள இன்னும் மூணு பேர் இருக்காங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது நாங்கள் ஒன்பது பேர். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கூடுவோம், பெரும்பாலும் எங்கள் வீட்டில், மழைக்காலத்தில் மாடிவீட்டில். வங்கி அக்கா இருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். எதிர்வீட்டு அக்காவுக்கு நிட்டிங்தான் வரும், அவர் குன்னூரில் வளர்ந்தவர். அங்கே ஸ்வெட்டர் பின்னத் தெரியாத வீடு கிடையாது என்பார். இவர்களை நான் பெயர் சொல்லி எழுதவில்லை, அவர்களே வேண்டாம் என்றார்கள்.

தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளை எழுதத்தான் வேண்டும், புதிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். முதல் தடவை அறுபது தொப்பி எடுத்துக்கொண்டு போனோம். ஒன்றில் குஞ்சம், ஒன்றில் முத்து, ஒன்றில் முயல் காது. நாலைந்தில் நான் ரேந்தை மாதிரி இழை விட்டுப் பூவேலை செய்திருந்தேன். பெரியம்மை பார்த்தால் மெச்சியிருப்பாள். சிஸ்டர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். முத்து கழன்றால் வாய்க்குப் போகும். குஞ்சம் பின்மண்டையில் அழுத்தும். பஞ்சு பறக்கிற உல்லன் மூச்சுக்குழாய் பக்கத்திலேயே வரக்கூடாது. பூவேலைத் தொப்பியைக் கடைசியாக எடுத்து, ஓட்டையில் தன் சுண்டுவிரல் நுனியை விட்டுக் காட்டினார். "இவங்க விரல் இதுல பாதிகூட இல்லம்மா. மாட்டிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னுடும்." அறுபதில் பதினேழு தேறியது.

நூலைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் துணியைச் சுடவைத்துக் கிருமி நீக்குவார்கள். நாங்கள் வாங்கும் உல்லனில் ஆட்டு ரோமமே இல்லை, அக்ரிலிக். அந்தச் சூட்டில் அது உருக்குலைந்துவிடும். டீச்சரின் சம்பந்தி வீடு திருப்பூர். அங்கிருந்து பனியனுக்குப் போடும் பருத்தி நூலைக் கோன் கோனாக வரவழைத்தோம், சாயம் ஏற்றாதது. மெல்லிய நூல் என்பதால் எட்டு இழையாகச் சேர்த்துச் சுற்றிக்கொள்வோம். ஒரு கிலோ கோனில் எண்பது தொப்பிக்கு மேல் வரும். இப்போது முழுக்கப் பருத்திதான்.

அளவுக்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். இருபத்தெட்டு வாரத்தில் பிறந்த பிள்ளைக்குத் தலைச்சுற்று ஏறக்குறைய இருபத்தைந்து, இருபத்தாறு சென்டிமீட்டர். முப்பத்திரண்டு வாரத்தில் இருபத்தொன்பது. மாதம் நிறைந்த பிள்ளைக்கு முப்பத்துநாலு, முப்பத்தைந்து. சந்தைக்குப் போய் இஞ்ச் டேப்பால் அளந்து, ஒரு சாத்துக்குடி, ஒரு பெரிய மாதுளை, ஒரு உரித்த தேங்காய் வாங்கிவந்தார். அதன்பிறகு எங்கள் குழுவில் சின்னது, நடு, பெரியது என்ற பேச்சே இல்லை. "சாத்துக்குடி எத்தனை ஆச்சு?" என்றுதான் கேட்போம். தலைச்சுற்றில் இரண்டு சென்டிமீட்டர் குறைத்து, அதை மூன்றேகாலால் வகுத்தால் உச்சி வட்டத்தின் குறுக்களவு வரும். சாத்துக்குடிக்கு ஏழு, ஏழரை. வட்டம் அந்த அளவுக்கு வந்ததும் கண்ணி கூட்டுவதை நிறுத்தி நேராக இறங்க வேண்டும். ஓரத்தில் நாலு வரி மடிப்புக்கு விட வேண்டும், பிள்ளை வளரும்போது பிரித்துவிட்டுக்கொள்ளலாம். நடுவில் மேஜிக் ரிங்கை, அதாவது பின்னலைத் தொடங்கிய நூல் வளையத்தை, இழுத்து மூடி, முடிச்சை மூன்று தடவை உள்ளே ஓட்டி மறைக்க வேண்டும். ஒரு ஓட்டை இருக்கக்கூடாது. நான் முடித்தவுடன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

ஒரு தொப்பியில் அப்படி என்ன இருக்கிறது என்று என் அக்கா மகன் கேட்டான், நல்ல மனசோடுதான் கேட்டான். சிஸ்டர் எங்களுக்குச் சொன்னதை அவனுக்கும் சொன்னேன். குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடம்போடு பார்த்தால் தலைதான் பெரிது, அதன் வழியாக நிறையச் சூடு போய்விடும். சூடு குறைந்தால் பால் குடிக்கச் சக்தி இருக்காது, எடை ஏறாது. 36.5க்கும் 37.5க்கும் நடுவே உடம்பை நிறுத்துவதற்கே பாடுபட வேண்டியிருக்கிறது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற டாக்டர், சூட்டுப்பெட்டி போதாமல், பிள்ளைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டிப் பார்த்தார். அதுதான் கங்காருப் பராமரிப்பு. இப்போது நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். அப்போது பிள்ளை உடம்பில் இருக்கவேண்டியது மூன்றே மூன்றுதான்: இடுப்புத்துணி, காலுறை, தொப்பி. மீதி எல்லாம் தாயின் தோல். தாய் எழுந்து போகவேண்டியிருந்தால் அப்பன் மார்பில் வைக்கலாம், ஆச்சி மார்பில் வைக்கலாம். என் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டுப் பேத்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தொப்பியின் உச்சி அவன் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேத்தி இப்போது எட்டு வயசுப் பிள்ளை, ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை.

நடுவில் எங்கள் குழு இளையவள் ஒருத்தி ஆக்டோபஸ் பொம்மை பின்னலாம் என்றாள். டென்மார்க்கில் 2013இல் தொடங்கியது. பொம்மையின் சுருண்ட கால்களைப் பிடித்துக்கொண்டால் குறைமாதப் பிள்ளைக்குத் தொப்புள்கொடியைப் பிடித்திருந்த மாதிரி இருக்கும் என்று சொல்கிறார்கள். பார்க்க அத்தனை அழகு, பதினைந்து செய்துவிட்டோம். டாக்டர் வேண்டாம் என்றார். பெட்டிக்குள் தளர்வான எதையும் வைக்க விருப்பமில்லை, கிருமி பயம், அதனால் பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை என்று காரணமும் சொன்னார். ஏற்றுக்கொண்டோம். அந்தப் பதினைந்தையும் வார்டுக்கு வெளியே காத்துக்கிடக்கும் அண்ணன்மார் அக்காமாருக்குக் கொடுத்தோம். தம்பிப் பாப்பாவைப் பார்க்க விடமாட்டார்கள், அம்மா மடியும் இல்லை, தரையில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயசு, நாலு வயசுப் பிள்ளைகள். அவர்களுக்கு என்று யாரும் எதுவும் கொண்டுவருவதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. ஆக்டோபஸை இப்போதும் போடுகிறோம், அவர்களுக்காக.

இன்னொன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

நாங்கள் பருத்திக்கு மாறுவதற்கு முன்னால். ஒரு நாள் சாயங்காலம் சிஸ்டரிடமிருந்து போன். "அம்மா, இளம்பச்சையில ஒரு தொப்பி, ஓரத்துல ரெண்டு வெள்ளை வரி. அது மாதிரி இன்னொண்ணு இருக்கா?" இருக்கிறதா என்று பார்க்கிறேன், எதற்கு என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். ஒன்பது நாள் இருந்த பிள்ளை. கட்டடவேலை செய்கிற ஜோடி. தகப்பன்தான் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருக்கிறான், தொப்பியோடே. தாய் அந்தத் தொப்பியைக் கேட்கிறாள்.

வீட்டில் அந்தப் பச்சை இல்லை. ஒவ்வொருவருக்காகப் போன் பண்ணினேன். டீச்சர் பையில் பாதி உருண்டை இருந்தது. அவர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்தார். இரவு பதினொன்றரைக்கு முடித்தேன். கை நடுங்கியதில் இறுகிவிட்டது, பிரித்து மறுபடி போட்டேன். இறுக்காத மக்களே, இறுக்காத.

விடியற்காலை ரயிலில் போனேன். அந்தப் பையன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தான். இருபத்துநாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். சிஸ்டர்தான் அவனை அடையாளம் காட்டினார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தொப்பியைக் கையில் வாங்கியதும் உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்தான். சட்டையின் மேல்பட்டனைக் கழற்றி உள்ளே பனியனுக்குள் வைத்துக்கொண்டான், நனையாமல் இருக்க. "போட்டோகூட எடுக்கலைங்கம்மா. அவளுக்குத் தொப்பியோட இருந்த மூஞ்சிதான் ஞாபகம் இருக்காம்" என்றான். நான் அவன் தோளைத் தொட்டேன். சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த புதன்கிழமை ஒன்பது பேரும் அதிகம் பேசவில்லை. எதிர்வீட்டு அக்காதான் கடைசியில் சொன்னார்: சாத்துக்குடியை மட்டும் இனிமேல் இரண்டிரண்டாகப் போடுவோம். ஒரே நூல், ஒரே அளவு, ஒரே ஓரம். இப்போது எல்லாம் வெள்ளைப் பருத்திதான் என்றாலும் ஓரத்தில் ஜோடிக்கு ஒரு தையல் அடையாளம் வைக்கிறோம், ஒன்றுக்கொன்று மாறிவிடாமல் இருக்க. என் ஜோடிகளில் நான் ஒரு சின்ன நட்சத்திரம் போடுகிறேன். தாயிடம் ஒன்று கொடுக்கப்படும், மற்றது வார்டு அலமாரியில் இருக்கும். பிள்ளை எடை கூடி வீட்டுக்குப் போகிற அன்றைக்கு இரண்டாவதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள், துவைக்கும்போது மாற்றிப் போட. அப்படிப் போகிற ஜோடிகள்தான் அதிகம், மிக அதிகம். வேறு விதமாக ஆகிவிட்டாலும், தகப்பன் யாரையும் தேடிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

உங்களில் யாராவது இதைச் செய்ய நினைத்தால், தயவுசெய்து ஊசியை எடுப்பதற்கு முன் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். என்ன நூல், என்ன அளவு, எத்தனை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு விதி இருக்கிறது. நாற்பது தேவைப்படும் இடத்தில் நானூறு கொண்டுபோய்க் கொட்டினால் அதை வைக்க அவர்களிடம் அலமாரி இருக்காது. அந்தத் துணிக் குவியல் முன்னால் நின்றவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

போன வாரம் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயசு, நர்சிங் படிக்கப் போகிறாளாம். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட கை, நல்ல சீரான கை, கொஞ்சம் இறுக்கம். முதல் சாத்துக்குடித் தொப்பியை முடித்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

"சூப்பர் மக்களே. இதே மாதிரி இன்னொண்ணு போடு" என்றேன்.

"எதுக்கு ஆன்ட்டி எல்லாம் ரெண்டு ரெண்டா?"

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணைத் துவைச்சா மாத்திப் போடணும்ல" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, நூலை விரலில் சுற்றி இரண்டாவது தொப்பிக்கு மேஜிக் ரிங் போட ஆரம்பித்தாள்.